நெல்லைச் சீமையின் கிட்டார்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், எனக்கு மூத்த அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை சர்ச்சுகளில் ஞாயிற்றுக்கிழமை கொயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள், டவுனிலும் ஜங்ஷனிலும் கல்யாணக் கச்சேரிக்குப் போகிற இன்னிசைக் குழுக்களில் லீடோ ரிதமோ பேஸோ பிடிக்கிறவர்கள், அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வேனில் போய் விடியவிடிய வாசித்துவிட்டு மறுநாள் காலையில் அப்படியே காலேஜுக்கோ வேலைக்கோ ஓடுகிறவர்கள், யூடியூபைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டு மொட்டைமாடியில் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறவர்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஒரு இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

தட்டின் பெயர் ‘தி டெத் ஆஃப் தி ரேர் பேர்ட் ஈமிர்’. வாசித்தவர் ஹான்ஸ் ரைஷெல் என்கிற ஜெர்மன்காரர். 1979ல் வந்தது, பெர்லினில் இருந்த எஃப்எம்பி என்ற சின்ன கம்பெனி வெளியிட்டது. கிட்டார் மட்டும்தான். பாடகர் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது. பின்னால் இதையும், 1981ல் வந்த ‘போனோபோ பீச்’ என்ற அவருடைய இன்னொரு தட்டையும் சேர்த்து ஒரே சிடியாகவும் போட்டார்கள். அந்த எல்பியும் இப்போது சாதாரணமாகக் கடையில் கிடைக்காது, அந்த சிடியும் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது ஜெர்மனியில் வேலை பார்த்த என் அத்தை மகன் புண்ணியத்தில். பழைய தட்டு விற்கிற ஒரு கடையில் வாங்கி, பெட்டியில் துணிமணிக்கு நடுவில் வைத்து, வளையாமல் கொண்டுவந்து சேர்த்தான். அதற்கு ஆயுளுக்கும் அவனுக்கு நான் கடன்பட்டவன்.

அபூர்வமான தட்டு என்று சொன்னவுடனே எல்லாரும் கேட்கிறது விலையைத்தான். எவ்வளவு போகும், விற்பீர்களா, உறை கிழியாமல் இருக்கிறதா என்று. தட்டு சேர்க்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் இல்லாவிட்டால் பாதி இசை குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் ஒரு இசை கிடைக்காமல் போனதைப் பெருமையாகப் பேசுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கிடைக்காமல் போனது நஷ்டம். யாராவது ஒரு பையன், நம்ம மேலப்பாளையத்திலோ வள்ளியூரிலோ, கிட்டாரை இனி எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும்போது அவன் காதில் விழுந்திருக்க வேண்டிய தட்டு இது, விழாமல் போய்விட்டது. அதனால்தான் இதை அலமாரியில் வைத்துப் பூட்ட எனக்கு மனசு வரவில்லை.

சரி, என்ன இருக்கிறது அதில்?

முதலில் கேட்கும்போது கிட்டார் என்றே தோன்றாது. தூரத்தில் சின்னச் சின்ன மணிகள் அடிக்கிற மாதிரி ஒரு நாதம், அதற்கு அடியிலேயே தந்தி விரலில் உரசுகிற சத்தம், அப்புறம் எங்கிருந்தோ ஒரு மெட்டு மெதுவாக எழுந்து வரும், வந்த வேகத்தில் கலைந்தும் போகும். ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது அடங்குவதற்குள் அதன் மேலேயே இன்னொன்று ஏறி நிற்கும், இரண்டும் ஒட்டாமலும் ஒட்டியும் அதிரும். பரிசோதனை இசை என்றவுடன் பயந்துவிடாதீர்கள். காதைக் குடைகிற இரைச்சல் இதில் இல்லை. அதே காலத்தில் அதே கம்பெனியில் காது கிழிகிற மாதிரி சாக்ஸபோன் ஊதியவர்களும் இருந்தார்கள், பீட்டர் ப்ரோட்ஸ்மான் மாதிரி, அது ஒரு தனி வீரம், அதையும் நான் ரசிப்பேன். ரைஷெல் அந்த வழி போகவில்லை. இவர் வாசிப்பில் ஒரு பொறுமை இருக்கிறது, ஒரு கனிவு இருக்கிறது, சில இடங்களில் தாலாட்டு மாதிரிகூட இருக்கும். யாரும் இதுவரை எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பிவிட்டு, அதைக் காட்டி மிரட்டாமல், அதை வைத்து அழகாக ஒரு வாக்கியம் பேசுகிறார். புதுச் சத்தம் கண்டுபிடிக்கிறவர்கள் எவ்வளவோ பேர் உண்டு. கண்டுபிடித்த சத்தத்தில் பாடத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. இந்தத் தட்டை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதற்கு அதுதான் காரணம்.

அவர் ஆளையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் உங்களை மாதிரியே ஆரம்பித்தவர். 1949ல் ஹாகன் என்ற ஊரில் பிறந்தார். ஏழு வயதில் வயலின், அப்புறம் பள்ளிக்கூட ஆர்க்கெஸ்ட்ரா. பதினைந்து வயதுவாக்கில் வயலினை விட்டுவிட்டு கிட்டாருக்கு வந்தார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்று அந்தக் காலத்துப் பையன்கள் எல்லாரும் கேட்டதைத்தான் கேட்டார், ராக் பேண்டுகளில் வாசித்தார். பிறகு சங்கீதம் போதும் என்று அதையும் விட்டுவிட்டு கிராஃபிக் டிசைன் படித்தார், அச்சுக்கோப்பு வேலை பார்த்தார். நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தும் பாருங்கள். கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டு திருப்பூருக்கும் சென்னைக்கும் கல்ஃபுக்கும் வேலைக்குப் போனவர்கள் நம்ம ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

அவர் திரும்பி வந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் மறுபடி கிட்டாரைக் கையில் எடுத்து, வீட்டில் வாசித்து டேப்பில் பதிந்து, 1972ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடக்கிற ஜெர்மன் ஜாஸ் விழாவின் நடுவர்களுக்கு அனுப்பினார். புதியவர்களுக்கான நிகழ்ச்சியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷமே எஃப்எம்பி அவருடைய முதல் தட்டைப் போட்டது. அந்த முதல் தட்டின் பெயர் ‘விஷ்லிங்ஹவுசர் ப்ளூஸ்’. விஷ்லிங்ஹவுசன் என்பது வுப்பர்டால் நகரத்தில் ஒரு பேட்டை, அவ்வளவுதான். வண்ணார்பேட்டை ப்ளூஸ் என்று ஒருத்தர் தட்டு போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. அமெரிக்காவையோ லண்டனையோ காட்டாமல் தன் பேட்டைப் பெயரை உறையில் போட்டு உலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

வுப்பர்டால் பெரிய தலைநகரம் எல்லாம் கிடையாது. வுப்பர் என்ற ஆற்றங்கரையில் துணி ஆலைகளால் வளர்ந்த ஊர், ஆற்றுக்கு மேலேயே தொங்கிக்கொண்டு ஓடுகிற ரயில் ஒன்று 1901லிருந்து அங்கே இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ஹார்வி மில் வந்து, அதைச் சுற்றி விக்கிரமசிங்கபுரம் வளர்ந்ததை அறிந்தவர்களுக்கு அந்த மாதிரி ஊரின் வாசனை புரியும். ஷிப்ட் சங்கு கேட்டு எழுந்து தூங்குகிற ஊர்கள். அந்த ஊரிலிருந்துதான் ரைஷெல், ப்ரோட்ஸ்மான், பேஸ் வாசித்த பீட்டர் கோவால்ட் என்று ஒரு கூட்டமே கிளம்பி ஐரோப்பிய இசையைப் புரட்டிப் போட்டது. பெரிய நகரத்துக்குப் போனால்தான் சங்கீதம் என்று நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கிட்டார்காரர்கள், உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சாதாரண கிட்டாரில் தந்தி அதிர்வது குதிரைக்கும், அதாவது தந்தி ஏறி நிற்கிற பிரிட்ஜுக்கும், நம் விரலுக்கும் நடுவில். குதிரைக்குப் பின்னால் இருக்கிற தந்திக்கு ஒரு வேலையும் இல்லை. ரைஷெல் கிட்டாரைத் தன் கையாலேயே செய்ய ஆரம்பித்தார், பழைய கிட்டார்களை அறுத்தும் ஒட்டியும் மாற்றினார். குதிரையைக் கொண்டுபோய் தந்திக்கு நடுவில் வைத்தார். இப்போது தந்திக்கு இரண்டு உயிருள்ள பக்கங்கள். ஒரு பக்கம் மீட்டினால் அந்த அதிர்வு குதிரை வழியாக மறு பக்கத்துக்குப் போய் அங்கேயும் ஒலி எழும். குதிரைக்குப் பின்னால் மீட்டிக்கொண்டே முன்னால் இருக்கிற பக்கத்தில் விரலை வைத்து அழுத்தலாம், வழுக்கலாம், தொட்டு எடுக்கலாம்.

கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட், அதில் 12ஆம் ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு மீட்டினால் ஹார்மானிக்ஸ் மணி மாதிரி வரும், 7லும் வரும், 5லும் வரும், அதற்கு நடுவில் தொட்டால் மழுங்கிப்போகும், இதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள். 12ஆம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதி, 7ஆம் ஃப்ரெட் மூன்றில் ஒரு பங்கு, 5ஆம் ஃப்ரெட் நாலில் ஒரு பங்கு. குதிரையை நடுவில் வைக்கும்போதும் இதே கணக்குத்தான். பாதி, மூன்றில் ஒன்று என்று சுத்தமான பங்குகளில் நின்றால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் நிறைந்த நாதம் எழும். அந்த இடம் தப்பினால் இரண்டும் முரண்டு பிடித்து ஒரு உலோகச் சத்தம், பித்தளைத் தட்டை நகத்தால் சுண்டுகிற மாதிரி. அந்த இரண்டையுமே ரைஷெல் ஒதுக்கவில்லை. எந்த இடத்தில் நாதம், எந்த இடத்தில் முரண்டு என்று தன் கிட்டாரின் ஒவ்வொரு அங்குலமும் தெரிந்த ஆள் அவர், ஏனென்றால் அதைச் செதுக்கியதே அவர்தான். எஃபெக்ட்ஸ் பெடலுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: இந்தத் தட்டில் கேட்கிற விநோதமெல்லாம் மரத்திலிருந்தும் கம்பியிலிருந்தும் விரலிலிருந்தும் வந்தது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை, நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சர்ச் கொயரில் வாசிக்கிற ஒரு தம்பி இந்தத் தட்டைக் கேட்டுவிட்டு ஆசையாக ஏதோ முயற்சி பண்ணப்போக, பெரியவர்கள் “கார்டை ஒழுங்காப் பிடி, போதும்” என்று, அதாவது பாட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டை மட்டும் வாசி என்று, அடக்கிவிட்டார்கள். ஆராதனைக்கு நடுவில் அதைச் செய்தால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒட்டாது என்கிற பேச்சை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதுவும் நம்ம சீமையில்.

வில்லுப்பாட்டைப் பாருங்கள். சுடலைமாடன் கோவில் கொடையிலும் இசக்கியம்மன் கோவில் கொடையிலும் வில் அடிக்காமல் கதை நகருமா? ஆள் உயரத்துக்கும் நீளமான ஒரு வில், அதில் இழுத்துக் கட்டிய நாண், வில்லைச் சாத்திக் கட்ட ஒரு குடம், வில்லெங்கும் தொங்குகிற மணிகள். கதை சொல்லி நடத்துகிற அண்ணாவி இரண்டு கையிலும் வீசுகோலை எடுத்து நாணில் அடிக்கிறார். நாண் அதிர்கிறது, அந்த அதிர்வில் மணிகள் எல்லாம் குலுங்குகின்றன, குடத்தின் வாயைப் பக்கத்தில் ஒருத்தர் மட்டையால் அறைகிறார், உடுக்கு ஒரு பக்கம், ஜால்ரா ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். அந்த நாணில் சரிகமபதநி கிடையாது. அதை யாரும் சுருதி சேர்த்து ராகம் வாசிப்பதும் கிடையாது. ஆனால் பாபநாசம் மலையடிவாரத்து முத்துப்பட்டன் கதையைச் சொல்லி, நள்ளிரவில் ஒரு ஊரையே அழவைக்க அது போதும். நாணை அடிக்கலாம், அடித்தால் அதில் கட்டியது அதிரும், அதிர்ந்தது குடத்தில் பெருகும் என்று நம்ம ஆட்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா அதே வில்லை சென்னை சபாக்களுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2022ல் அவர் காலமாகும் வரைக்கும் வில்லுப்பாட்டு என்றால் தமிழ்நாட்டுக்கு அவர் முகம்தான். அந்த வில்லைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, நடுவில் குதிரை வைத்த கிட்டார் அந்நியமாகப் படக் காரணமே இல்லை. நெல்லையப்பர் கோவிலில் ஒரே கல்லில் செதுக்கிய சின்னத் தூண்கள் ஆளுக்கொரு சுரம் பேசுகிற ஊர் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகக் கச்சேரியில் இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒருவரும் மேடை ஏறுவதில்லை. ஆனால் அது இங்கே பிறந்த வாத்தியம் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்தபோது ஐரோப்பியர்களிடம் அதைப் பழகி, நம்ம சங்கீதத்துக்கு ஏற்ப வாசித்தார். அப்புறம் அவர் வந்து நிலைத்தது எங்கே? எட்டயபுரம் சமஸ்தானத்தில். பழைய திருநெல்வேலிச் சீமையில். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரும் 1835ல் எட்டயபுரத்தில்தான் காலமானார். அந்தக் குடும்பத்து சுப்பராம தீட்சிதர் கிருதிகளை எல்லாம் சுரப்படுத்தி, ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரிய நூலாக 1904ல் எட்டயபுரத்திலேயே அச்சுப்போட்டு வெளியிட்டார். தெலுங்கு எழுத்தில் வந்த நூல். பின்னால் மெட்ராஸ் மியூசிக் அகாடமி அதைத் தமிழில் கொண்டுவந்தது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அந்நிய வாத்தியம் ஒன்றை வாங்கி, தரையில் சம்மணம் போட்டு, மார்புக்கும் காலுக்கும் நடுவில் சாய்த்து, பிடிக்கிற விதத்தையே மாற்றி, நம்முடையதாக்கிய கதையில் இந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு அதுதான் பரிசோதனை. காருக்குறிச்சி அருணாசலம் ஒரு நாதஸ்வரத்தை வைத்துக்கொண்டு 1962ல் சினிமாவில் ஜானகி அம்மா குரலோடு நேருக்கு நேர் நின்றதைத் தமிழ்நாடு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் 1964ல், நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். வாத்தியத்தைப் பாடவைக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். கிட்டார் நம்ம கைக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சர்ச்சில் வாசிக்கிறோம், மேடையில் வாசிக்கிறோம், ராஜா சார் பாட்டின் பிட்டுகளை மூச்சுப்பிசகாமல் எடுக்கிறோம். இருந்தும் கிட்டார் இன்னும் பாடகனுக்குப் பின்னால் நின்று கார்டு பிடிக்கிற வேலையிலேயே இருக்கிறது. அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, நல்ல ரிதம் கிட்டார் இல்லாமல் மேடை எப்படிச் சரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து, பாடகனும் இல்லாமல் செட்லிஸ்ட்டும் இல்லாமல் நீங்களும் கிட்டாரும் மட்டும் இருக்கிறபோது என்ன வாசிக்கிறீர்கள்? அந்த நேரத்துக்கு ஒரு துணை வேண்டாமா? ரைஷெலின் தட்டு அந்த நேரத்துக்கானது.

மெட்டு எங்கே, தாளம் எங்கே என்று கேட்பீர்கள். மெட்டு இருக்கிறது, நிறையவே இருக்கிறது, நாலு நாலாகக் கட்டிவைக்கவில்லை, அவ்வளவுதான். ஆலாபனையில் தாளத்தை யாரும் தேடுவதில்லையே. ஒரு ராகத்தை எடுத்து, தயங்கி, சுற்றி, மூச்சுவிட்டு, மறுபடி தொட்டு விரிக்கிற வித்துவானை எந்தப் பொறுமையோடு கேட்கிறோமோ அந்தப் பொறுமை இதற்கும் போதும். முதல் தடவை பிடிக்காமல் போகலாம். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த இதில் ஒன்றும் இல்லை. எனக்கே இந்தத் தட்டின் இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தை விட மெதுவாகத்தான் வசப்பட்டது.

அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு செய்தி. ரைஷெல் பின்னால் டாக்ஸபோன் என்று ஒரு வாத்தியமே கண்டுபிடித்தார். மெல்லிய மரச் சில்லு ஒன்றை ஒரு கட்டையில் இறுக்கிப் பொருத்தி, வயலின் வில்லால் அதன் ஓரத்தை உரச வேண்டும். இன்னொரு கையில் ஒரு மரத்துண்டை வைத்துச் சில்லின் மேல் நகர்த்தினால் சுருதி ஏறும், இறங்கும். கட்டைக்குள் இருக்கிற மைக் அதைப் பெரிதாக்கும். கேட்டால் மிருகம் முனகுகிற மாதிரி, குழந்தை சிணுங்குகிற மாதிரி, கிழவர் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். மரத்துக்கு மரம், வெட்டுக்கு வெட்டு குரல் மாறும். அதை மட்டுமே வைத்து 1992ல் ஒரு முழு நாடக இசைத்தட்டே போட்டார். நீங்கள் மஞ்சள் கடம்பில் சொப்புச் சாமான் கடைந்த பரம்பரை. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உலகம் முழுக்க கிட்டார் முதுகுக்கும் பக்கப் பலகைக்கும் போகிறது. மரத்தின் குரல் உங்கள் கைக்குத் தெரிகிற அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. ஒரு கிட்டார்காரனும் ஒரு கடைசல்காரரும் ஒரு சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்னென்ன நடக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பரபரப்பாக இருக்கிறது.

அச்சுக்கோப்பு வேலையையும் அவர் விடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1995ல் டாக்ஸ் என்று ஒரு ஆங்கில எழுத்துரு வடிவமைத்தார், அது உலகமெல்லாம் பரவியது. யுபிஎஸ் என்கிற கூரியர் கம்பெனியின் எழுத்து அதிலிருந்து வந்ததுதான். அவர் இசையை ஒரு நொடிகூடக் கேட்காத லட்சக்கணக்கானவர்கள் அவர் வரைந்த எழுத்தின் வழித்தோன்றலைப் பார்சல் வண்டியில் பார்த்திருக்கிறார்கள். 2011 நவம்பரில் வுப்பர்டாலில் காலமானார், அறுபத்திரண்டு வயது. கிட்டார் செய்தது, வாத்தியம் கண்டுபிடித்தது, எழுத்து வரைந்தது என்று எல்லாவற்றையும் ஒரே கை செய்திருக்கிறது. ஒரு கோடு எங்கே வளைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துப் பழகிய கண்தான் குதிரையை எங்கே வைக்க வேண்டும் என்றும் பார்த்திருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது நான் கேட்க வந்தது.

என் வீடு பாளையங்கோட்டையில். மச்சில் ஒரு டர்ன்டேபிளும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கின்றன, பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்காரலாம், பத்தமடைப் பாய்தான். ஆடிக் கொடைகள் முடிந்து, உங்கள் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆராதனையும் மதியச் சாப்பாடும் முடிந்து வாருங்கள். இந்தத் தட்டை முதலிலிருந்து கடைசி வரை, இரண்டு பக்கமும், நடுவில் பேசாமல் கேட்போம். செல்போனில் பதிந்துகொண்டு போக வேண்டாம், அதில் இந்தச் சத்தம் நிற்காது. கேட்டது போதவில்லை என்று நினைக்கிறவர்கள் மறுபடி வரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டைப் போடுகிறேன். தேய்ந்தால் தேயட்டும்.

பெண் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். கொயரில் நன்றாக வாசிக்கிற எத்தனையோ தங்கச்சிகள் கல்யாணத்துக்குப் பிறகு கிட்டாரைத் தொடுவதே இல்லை. அம்மா, மதினி, யாரைக் கூட்டிவந்தாலும் சந்தோஷம், என் வீட்டம்மா காப்பி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், காப்பி ஆற்றுகிற வேலை என்னுடையது.

இன்னிசைக் குழு நடத்துகிற அண்ணாச்சிமாருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். உங்கள் கிட்டார்காரப் பையன் ஒத்திகை முடிந்த பிறகு ஓரமாக உட்கார்ந்து தந்தியை என்னவோ பண்ணிக்கொண்டிருந்தால் தயவுசெய்து அதட்டாதீர்கள். மேடையில் உங்கள் சொல்படிதான் வாசிப்பான். ஒத்திகைக்கும் வேன் வருவதற்கும் நடுவில் இருக்கிற அரைமணி நேரத்தை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுங்கள்.

வருகிறவர்கள் கிட்டாரையும் கொண்டுவாருங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், வீட்டில் மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிறதே அது போதும், அக்கூஸ்டிக் என்றால் நல்லது. பழைய தந்தி ஒரு செட், ஒரு பென்சில் கொண்டுவாருங்கள். உருண்டைப் பென்சிலை விட ஆறு முனைப் பென்சில் வழுக்காமல் நிற்கும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலாகத் தந்திகளுக்கு அடியில் அதைக் குறுக்காகச் செருகி, தந்தி அதன் மேல் ஏறி உட்கார்கிற மாதிரி வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மீட்டிப் பாருங்கள், பிறகு 7ஆம் ஃப்ரெட் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இழுவிசை கூடும், அதனால் முதலில் தந்தியை ஒரு சுரம் தளர்த்திக்கொள்வது நல்லது, கழுத்துக்கும் பாதுகாப்பு. கிட்டாருக்கு ஒரு சேதமும் வராது, பென்சிலை உருவிவிட்டால் பழையபடி ஆகிவிடும். வருவதற்கு முன்னாலேயே வீட்டில் பண்ணிப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது, எந்த இடத்தில் என்ன சத்தம் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்களில் ஒருவன்